வெட்டுப்பட்ட மலையை நீர்வண்ணத்தில் வரைவது எப்படி?

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகள் தின்று தீர்த்த குன்றுகளை வரைய நினைப்பவர்களுக்கு இது. வண்ணம் கரைக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் அரிட்டாபட்டிக்குப் போங்கள். 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர்; டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானதால் தப்பியது. முழுப் பாறையை வரைந்து பழகாமல் வெட்டிய பாறைக்குப் போவதில் பயனில்லை. பிறகு வெட்டிய பாறைக்கு, மேலூரிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில் கீழவளவு. காலை ஆறரைக்கே உட்காருங்கள். வெயில் ஏறினால் வண்ணம் பரவும் முன்பே காய்ந்துவிடும். பள்ளத்தின் விளிம்புக்குப் போகாதீர்கள், சாலையோரமே போதும்.

2. தாள்: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாள். விலை உறுத்தினால் ஒன்றை நான்காகக் கிழித்துக்கொள்ளுங்கள். வண்ணம்: அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்). கறுப்பு ட்யூப் வீட்டிலேயே இருக்கட்டும்.

3. பென்சிலில் ஒரே ஒரு கோடு: மலையின் இயல்பான வளைவு முடிந்து வெட்டுமுகம் தொடங்கும் இடம்.

4. எனக்கு அதிக நேரம் பிடித்த படி இதுதான். இரண்டு பக்கத்தையும் ஒரே சாம்பலில் தீட்டினால் குவாரி மறைந்து ஏதோ பாறை மட்டும் மிஞ்சும். வேறுபாடு நிறத்தைவிட ஓரத்தில் இருக்கிறது. மழையும் பாசியும் கறுக்கவைத்த பழைய முகத்துக்குத் தாளை நனைத்து, நீலமும் சியன்னாவும் தானே கலக்க விடுங்கள். அது ஈரம் துளியும் இல்லாமல் காய வேண்டும். அதன்பின் வெட்டுமுகத்துக்குத் தட்டைத் தூரிகையில் நீர்த்த ஓக்கர், ஒரே இழுப்பு. பாதிக்கு மேல் வெள்ளைத் தாளாகவே நிற்கட்டும். துளையிட்ட தடங்களை உலர்ந்த தூரிகையால் நேர்கோடாக இழுங்கள். நடுங்கினால் பாறை மறுபடி இயற்கையாகிவிடும்!

5. அளவு தெரிய அடியில் ஒரு பனைமரம். பள்ளத்து நீரைப் பளிச்சென்ற பச்சையாக்கி அழகு பார்க்காதீர்கள்.

6. பின்பக்கம் தேதியும் நின்ற இடமும் எழுதுங்கள். 1883இல் கிரகட்டோவா எரிமலை வெடித்தபின் லண்டன் அந்தி வானம் சிவந்தபோது, வில்லியம் ஆஸ்கிராஃப்ட் தேம்ஸ் கரையிலிருந்து அதைப் பாஸ்டல் வண்ணக்கட்டியில் நூற்றுக்கணக்கில் பதிந்துவைத்தார். நம் மலையும் அடுத்த முறை போகும்போது இப்படியே இருக்காது.

பின்சேர்க்கை: வெள்ளையைக் காக்க மாஸ்கிங் திரவம் (காய்ந்தபின் உரித்தெடுக்கும் பூச்சு) பூசலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். மதுரை வெயிலில் அது தாளோடு ஒட்டிக்கொண்டு உரிக்கும்போது தாளின் தோலையே எடுத்துவிடும். வெள்ளை வேண்டிய இடத்தில் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்தால் போதும்.