ஸ்கேன் டெக்னீஷியன் கோர்ஸ்: பணம் கட்டுவதற்கு முன்னால் நடக்கும் தவறுகள்

போன வருஷம் ஜூன் மாதம் குடியாத்தத்திலிருந்து ஒரு அப்பாவும் மகளும் என்னைத் தேடி வந்தார்கள். தூரத்து உறவு, எனக்குச் சித்தப்பா முறை. அவர் கையில் பளபளவென்று ஒரு ப்ராஸ்பெக்டஸ். அட்டையில் வெள்ளைக் கோட் போட்ட ஒரு பெண், கையில் ஸ்கேன் ப்ரோப் (உடம்பில் வைத்துப் படம் பார்க்கும் கருவி). "ஆறே மாசம் தம்பி. முடிச்சா ஸ்கேன் சென்டர்ல நேரா வேலையாம். நாப்பத்தஞ்சாயிரம் கேக்கறாங்க, பத்தாயிரம் கட்டிட்டேன்" என்றார். வேலூரில் எக்ஸ்ரே, சிடி என்று பதினாறு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். அட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பத்தாயிரம் போச்சு.

முதல் தவறு அந்த அட்டைப் படத்தை நம்புவதுதான். நம் நாட்டில் ஸ்கேன் சென்டரில் அல்ட்ராசவுண்ட் ப்ரோபைப் பிடிப்பவர் டாக்டர். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-இல் சட்டம் வந்தது, 2003-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். அதன்படி ஸ்கேன் சென்டரைப் பதிவு செய்ய வேண்டும். ஸ்கேன் எடுப்பவர் ரேடியாலஜிஸ்டாகவோ, மகப்பேறு மருத்துவராகவோ, அதற்கென்று பயிற்சி பெற்ற எம்.பி.பி.எஸ். டாக்டராகவோ இருக்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் தடவைக்கே மூன்று ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ஜாமீனில் வர முடியாத பிரிவு.

"ஆறு மாசம்" என்ற கணக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 2014-இல் வந்த விதிகளில் நிஜமாகவே ஒரு ஆறு மாதப் பயிற்சி இருக்கிறது, 300 மணி நேரம். ஆனால் அது எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டர்களுக்கு. ஐந்தரை வருஷம் படித்தவருக்குச் சொன்ன ஆறு மாதத்தைப் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு விற்கிறார்கள்.

அப்படியானால் அந்த ரூமில் டெக்னீஷியனுக்கு, உதவியாளருக்கு என்ன வேலை? நோயாளியைக் கூப்பிட வேண்டும். "யூரின் முட்டுதாம்மா? இன்னும் ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்ப வேண்டும். கர்ப்பிணி என்றால் அந்தச் சட்டம் கேட்கும் எஃப் படிவத்தை ஒரு கட்டம் விடாமல் நிரப்ப வேண்டும். ஜெல் தடவ, துடைக்க, டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் டைப் செய்ய வேண்டும். ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லமாட்டோம் என்ற போர்டுக்குக் கீழே உட்கார்ந்து, அதையே கேட்கும் மாமியார்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். மரியாதையான வேலைதான். அதற்கு நாற்பத்தைந்தாயிரம் கட்டிப் படிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம் யூடியூப். அமெரிக்காவில் சோனோகிராபர் என்று தனித் தொழிலே இருக்கிறது. டாக்டர் அல்லாதவர் ஸ்கேன் எடுப்பார், டாக்டர் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் கொடுப்பார். அங்கே கோர்ஸுக்கு காஹெப் என்ற அமைப்பின் அங்கீகாரம், முடித்தபின் ஏஆர்டிஎம்எஸ் என்ற அமைப்பின் தேர்வு என்று ஒழுங்கான பாதை உண்டு. அந்த வீடியோவில் சொல்லும் சம்பளத்தைக் காட்பாடியில் உட்கார்ந்துகொண்டு டாலரிலிருந்து ரூபாய்க்கு மாற்றிப் பார்ப்பதில்தான் பலருக்கு ஆசை பிறக்கிறது.

இங்கே இந்தத் துறைக்குள் வரச் சரியான வாசல் பி.எஸ்சி. ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி. எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ எல்லாம் அதில் வரும், அல்ட்ராசவுண்டும் ஒரு பாடம். எக்ஸ்ரே, சிடி மெஷினை யார் இயக்கலாம் என்பதை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பார்க்கிறது. கதிர்வீச்சு இல்லாத அல்ட்ராசவுண்டை மட்டும் சொல்லித்தரும் சர்டிபிகேட் அந்த மெஷின் பக்கம் போகவே உதவாது. "இல்ல, எனக்கு அல்ட்ராசவுண்ட்தான் பிடிச்சிருக்கு" என்று சொல்லும் பிள்ளைகளிடம் நான் கார்டியாக் டெக்னாலஜியைப் பார்க்கச் சொல்வேன். எக்கோ என்று இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேனும் அல்ட்ராசவுண்ட்தான். பல மருத்துவமனைகளில் கார்டியாலஜிஸ்ட் மேற்பார்வையில் டெக்னீஷியன்தான் எக்கோ எடுக்கிறார். இதை யாரும் ப்ராஸ்பெக்டஸ் அட்டையில் போடுவதில்லை.

அடுத்த தவறு, அங்கீகாரம் என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்வது. யாருடைய அங்கீகாரம் என்று கேட்க வேண்டும். சித்தப்பாவின் ப்ராஸ்பெக்டஸில் ஐஎஸ்ஓ முத்திரை இருந்தது, "அரசு பதிவு பெற்றது" என்று இருந்தது, டில்லி முகவரியில் ஏதோ ஒரு பாராமெடிக்கல் கவுன்சில் பெயர் இருந்தது. ஐஎஸ்ஓ என்பது அலுவலக நிர்வாகத்துக்குக் கொடுக்கும் சான்று, பேக்கரிகூட வாங்கலாம். அரசு பதிவு என்றால் டிரஸ்ட்டையோ சொசைட்டியையோ பதிவு செய்திருக்கிறார்கள் என்று பொருள், ஊர்ச் சங்கத்தைப் பதிவு செய்வதுபோல. பாடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தமிழ்நாட்டில் பார்க்க வேண்டியது, அந்தக் கல்லூரி சென்னை கிண்டியில் இருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருக்கிறதா என்பது. இங்கே ஒரு நுணுக்கம். இணைப்பு கல்லூரிக்கு மட்டும் இருந்தால் போதாது, நீங்கள் சேரும் அந்தக் கோர்ஸுக்கு இருக்க வேண்டும். நர்சிங்குக்கு அனுமதி வாங்கிய இடத்தில் ரேடியாலஜி வகுப்பும் நடக்கலாம், சர்டிபிகேட் வேறு எங்கிருந்தோ வரலாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பட்டியலில் பெயரைத் தேட வேண்டும்.

2021-இல் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கென்று ஒரு தேசிய ஆணையச் சட்டம் வந்தது, நம் ரேடியாலஜி தொழிலும் அதில் ஒரு பிரிவு. டிப்ளமோவோ டிகிரியோ, குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் படித்திருக்க வேண்டும் என்கிறது அது. சித்தப்பா முன்னாலேயே கால்குலேட்டரில் போட்டுக் காட்டினேன். தினம் மூன்று மணி நேரம், வாரம் ஆறு நாள், இருபத்தாறு வாரம்: 468. அவர் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார், அதே 468.

செலவு விஷயத்தில் மலிவானதைத் தேடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு இருப்பதிலேயே மலிவான வழியை விட்டுவிடுகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் இந்தப் படிப்புகளுக்கு மருத்துவக் கல்வித் துறை கவுன்சலிங் நடத்துகிறது. நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான். இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியல், விலங்கியல்) படித்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்துவிட்டுப் பிறகு ஓடி வருபவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ரிசல்ட் வந்ததும் தனியார் ஆபீசுக்கு ஓடாமல் கவுன்சலிங் அறிவிப்பைப் பாருங்கள். அடுக்கம்பாறை அரசுக் கல்லூரி, சி.எம்.சி. என்று இரண்டு பெரிய மருத்துவக் கல்லூரிகளை வேலூரிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு மாடிப்படி ஏறிப் படிப்பைத் தேடுகிறோம்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். மூன்று வருஷ ஃபீஸை மட்டும் கணக்குப் போட்டு நான்காவது வருஷ இன்டர்ன்ஷிப்பை மறக்கிறவர்கள் நிறைய. அந்த வருஷமும் சாப்பாடு உண்டு, வாடகை உண்டு. சி.எம்.சி. சுற்று வட்டாரத்தில் ரூம் வாடகை எப்படி என்று உங்களுக்கே தெரியும், வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகளோடு போட்டி போட வேண்டும்.

கல்லூரியைச் சோதிக்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி பேங்க். ப்ராஸ்பெக்டஸை எடுத்துக்கொண்டு போய், "இந்தக் கோர்ஸுக்குக் கல்விக் கடன் கிடைக்குமா சார்?" என்று கேளுங்கள். கடன் வாங்கப் போகாவிட்டாலும் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்பு என்றால் முகத்திலேயே தெரிந்துவிடும்.

பயிற்சி எங்கே என்று கேட்காமல் சேர்வதும் பெரிய தவறு. சித்தப்பாவோடு நானும் ஒரு தடவை அந்த ஆபீசுக்குப் போனேன்.

"கிளினிக்கல் டிரெயினிங் எந்த ஆஸ்பத்திரியில மேடம்?"

"நிறைய டை-அப் இருக்கு சார்."

"ஒரு பேரு சொல்லுங்க."

"அது பேட்ச் பொறுத்து மாறும் சார்."

"மெஷின் இங்க இருக்கா?"

"டெமோ மெஷின் இருக்கு சார், சர்வீசுக்குப் போயிருக்கு."

நல்ல இடமாக இருந்தால் மருத்துவமனையின் பெயரைச் சொல்வார்கள், தினம் எத்தனை கேஸ் வரும் என்றும் சொல்வார்கள். சீனியர் மாணவர் ஒருவரின் நம்பரைக் கேட்டாலும் தயங்க மாட்டார்கள்.

தபால் வழியில், ஆன்லைனில் படித்துவிடலாம் என்ற யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். இந்த வகைப் படிப்புகளைத் தொலைதூரத்திலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யூஜிசி 2025-இல் சொல்லிவிட்டது. வளைகுடா நாடுகளுக்குப் போகும் எண்ணம் இருப்பவர்களுக்கு ஒன்று: அங்கே சர்டிபிகேட்டை டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் மூலம் கொடுத்த இடத்திலேயே விசாரிப்பார்கள். இங்கே செல்லாத தாள் துபாயில் செல்லாது.

ஒரிஜினல் மார்க் ஷீட்டை எங்கேயும் கொடுத்துவிட்டு வராதீர்கள். கல்லூரிகள் ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யூஜிசி 2018-லேயே சொன்னது. யூஜிசிக்கே கட்டுப்படாத ஒரு ஆபீசில் அது எடுபடாது. சித்தப்பா கொடுத்திருந்தார். மூன்று நடை நடந்து, நான்காவது தடவை நான் குரலை உயர்த்திய பிறகுதான் கவரை எடுத்து நீட்டினார்கள். பத்தாயிரம் வரவில்லை. "அட்மிஷன் ஃபீஸ், நான் ரீஃபண்டபிள்" என்று ரசீதின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருந்தது.

அந்தப் பெண் கவுன்சலிங்கில் சேர்ந்துவிட்டாள். முதல் மாதம் போன் செய்தாள்: "அண்ணா, இந்த வருஷம் முழுக்க அனாட்டமியும் பிசிக்ஸும்தானாம். மெஷின் பக்கமே விடமாட்டாங்களாம்." ஆமாம், எங்களையும் விடவில்லை என்றேன்.