பச்சை ஓஎல்இடியில் திறன் சரிவதை நிறுத்தியது எப்படி: என் அனுபவம்

ஆய்வகத்தில் நான் செய்த பச்சை ஓஎல்இடி (மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் மெல்லிய கரிமப் பொருள் அடுக்குகள்) குறைந்த வெளிச்சத்தில் அருமையான திறன் காட்டும். வெளிச்சத்தைக் கூட்டினால் மளமளவென்று சரியும்.

உள்ளே எலக்ட்ரானும் துளையும் (நேர்மின் சுமை) சேர்ந்து உருவாகும் ஆற்றல் இணைதான் எக்சைட்டான். இவற்றில் சுமார் 75 சதவீதம் டிரிப்லெட் வகை, சாதாரணக் கரிமப் பொருளில் பெரும்பாலும் ஒளி தராமல் வீணாகும். இரிடியம் சேர்மம் அவற்றையும் ஒளியாக்கும். இந்தத் துறையின் அழகே அதுதான். ஆனால் அவற்றின் ஆயுள் மைக்ரோநொடி அளவு, எக்சைட்டானுக்கு அது நீண்ட நேரம். ஓரிடத்தில் நெருக்கினால் ஒன்றையொன்று அழித்துவிடும்.

என் ஒளிரும் அடுக்கில் இரிடியத்தைத் தாங்கிய பொருள் டிபிபிஐ. அது எலக்ட்ரானை மட்டுமே நன்றாகக் கடத்தும். அதனால் எக்சைட்டான்கள் எல்லாம் பக்கத்தில் இருந்த, துளைகளைக் கடத்தும் என்பிபி அடுக்கின் ஓரத்திலேயே குவிந்தன. என்பிபியின் டிரிப்லெட் ஆற்றல் சுமார் 2.3 எலக்ட்ரான்வோல்ட், இரிடியம் சேர்மத்துக்கு 2.4. என்பிபியின் அளவு குறைவு என்பதால் ஆற்றல் அந்தப் பக்கம் கசிந்தது.

சரி, நடுவில் துளைகளைக் கடத்தும் டிசிடிஏ என்ற பொருளில் 10 நானோமீட்டர் அடுக்கு வைத்தேன்; அதன் டிரிப்லெட் ஆற்றல் உயரம் என்பதால் கசிவு நின்றது. அப்புறம் டிசிடிஏ, டிபிபிஐ இரண்டையும் சரிபாதியாகக் கலந்து அதில் இரிடியத்தைச் சேர்த்தேன். ஒளிரும் பகுதி அகன்றது, சரிவும் நன்றாகக் குறைந்தது.

மூன்று பொருளையும் ஒரே நேரத்தில் ஆவியாக்க வேண்டும். ஒவ்வொரு மூலத்துக்கும் தனி படிக உணரி (பொருள் படியும் வேகத்தை அளப்பது) இல்லாவிட்டால் விகிதம் நிற்காது. இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

அடுத்து, கண்ணாடிக்குள் சிக்கிக்கொள்ளும் ஒளியை வெளியே எடுக்க நுண்வில்லைப் படலம் ஒட்டிப் பார்க்கிறேன்.