லத்தீன்ல நல்ல, இன்னும் நல்ல, ரொம்ப நல்ல: ரூலுக்கு அடங்காத அஞ்சு வார்த்தை

லத்தீன் ஆரம்பிச்சு ரெண்டு மூணு மாசத்துல இந்த பாடம் வரும், நிறைய பேர் டேபிளை மனப்பாடம் பண்ணிட்டு வாக்கியத்துல அதே வார்த்தை வந்தா முழிப்பாங்க. இதுல ரூலை மீறுறது வார்த்தையோட அடிப்பகுதி மட்டும்தான், விகுதி எல்லாம் (ஒரே ஒரு வார்த்தையைத் தவிர) வழக்கமானதுதான். அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

ஸ்டெப் 1: முதல்ல ரூல். அல்டுஸ்னா உயரமான. அல்டியொர்னா இன்னும் உயரமான, அல்டிஸ்ஸிமுஸ்னா ரொம்பவே உயரமான. தமிழ்ல "அதை விட உயரமான"ன்னு பக்கத்துல ஒரு சொல் சேர்த்தா போதும், லத்தீன்ல வார்த்தையே மாறும்.

ஸ்டெப் 2: இப்ப அந்த அஞ்சு. சத்தமா சொல்லிப் பாருங்க.

நல்ல: பொனுஸ், மெலியொர், ஒப்டிமுஸ்
கெட்ட: மலுஸ், பெய்யொர், பெஸ்ஸிமுஸ்
பெரிய: மக்னுஸ், மய்யொர், மாக்ஸிமுஸ்
சின்ன: பர்வுஸ், மினொர், மினிமுஸ்
நிறைய: முல்டுஸ், ப்ளூஸ், ப்ளூரிமுஸ்

பாதி உங்களுக்கு ஏற்கனவே தெரியும். மேஜர், மைனர், மாக்ஸிமம், மினிமம், ப்ளஸ் டூல வர்ற ப்ளஸ், எல்லாமே இங்கிருந்து இங்கிலீஷ் வழியா நம்மகிட்ட வந்ததுதான். ரோம்ல கேபிடோலின் குன்றுல இருந்த பெரிய கோயில்ல ஜூபிடருக்குப் பேரே ஒப்டிமுஸ் மாக்ஸிமுஸ், ரெண்டு வார்த்தை அதுலயே கிடைச்சிடுச்சு.

ஸ்டெப் 3: இங்கதான் நிதானமா போகணும். மெலியொர் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒண்ணுதான், மூணாவது பாலுக்கு (ஆண்பாலும் இல்லாத, பெண்பாலும் இல்லாத நியூட்டர்) மட்டும் மெலியுஸ். அதே மாதிரி பெய்யுஸ், மய்யுஸ், மினுஸ். கடைசியில "உஸ்" வந்துட்டாலே ஆண்பால்னு கண்ணு பழகியிருக்கும், அதனால "மெலியுஸ் வீனும்"னு பார்த்ததும் ஏதோ தப்பா இருக்கேன்னு தோணும். தப்பே இல்ல, வீனும், அதாவது வைன், மூணாவது பால், அதனால மெலியுஸ்தான் சரி. ஆறாம் வேற்றுமையில எல்லா பாலுக்கும் மெலியோரிஸ், முதல் வேற்றுமைப் பன்மையில மெலியோரேஸ், அதுலயே மூணாவது பாலுக்கு மெலியோரா. ஒப்டிமுஸ் வகையறா ரொம்ப ஈஸி, பொனுஸ் எப்படி மாறுமோ அப்படியே ஒப்டிமுஸ், ஒப்டிமா, ஒப்டிமும்.

ஸ்டெப் 4: "விட"ன்னு சொல்ல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு நடுவுல குவம் போடுறது: ரோமா மய்யொர் எஸ்ட் குவம் பொம்பெய்யீ, அதாவது பொம்பெய்யை விட ரோம் பெரியது. இன்னொண்ணு குவம் இல்லாம, ஒப்பிடுற பொருளை அப்லேட்டிவ் வேற்றுமைக்கு (தமிழ்ல "இருந்து", "ஆல்" மாதிரி பொருள் தர்ற வடிவம்) மாத்துறது: ரோமா பொம்பெய்யீஸ் மய்யொர் எஸ்ட். ஆரம்பத்துல குவம் போட்டே எழுதுங்க, ஆனா ரெண்டாவது வழியையும் அடையாளம் தெரிஞ்சு வச்சுக்கணும், ரோமானியர்கள் எழுதினதுல அது அடிக்கடி வரும்.

ஸ்டெப் 5: ப்ளூஸ். முன்னாடி சொன்ன அந்த ஒரே விதிவிலக்கு இதுதான். ஒருமையில இது பெயர்ச்சொல் மாதிரி நடந்துக்கும், பக்கத்துல வர்றது ஆறாம் வேற்றுமைக்குப் போயிடும். "இன்னும் அதிக பணம்" வேணும்னா ப்ளூஸ் பெகூனியாய், அப்படியே பார்த்தா "பணத்தின் அதிகம்". பன்மையில மட்டும் சாதாரண உரிச்சொல்லா ப்ளூரேஸ், ப்ளூரா.

"ரொம்ப"ன்னு சொல்றப்ப ஃபகிலிஸ் (சுலபமான) மாதிரி ஆறு வார்த்தைக்கு ஃபகில்லிமுஸ்னும், புல்கெர் (அழகான) மாதிரி "எர்"ல முடியுறதுக்கு புல்கெர்ரிமுஸ்னும் வரும். அந்த ரெண்டுமே தனித்தனி சின்ன ரூல், இந்த அஞ்சோட சேர்த்துக் குழப்பிக்காதீங்க.

இப்ப ஒண்ணு செஞ்சு பாருங்க. மக்னும் டெம்ப்ளும்னா பெரிய கோயில், டெம்ப்ளும் மூணாவது பால். இதை "இன்னும் பெரிய", "ரொம்பப் பெரிய"ன்னு மாத்தணும். எழுதிட்டீங்களா? மய்யுஸ் டெம்ப்ளும், மாக்ஸிமும் டெம்ப்ளும். மய்யொர்னு எழுதியிருந்தா ஸ்டெப் 3ஐ இன்னொரு தடவை சத்தமா படிங்க.