வேளாவதர் புல்வெளியில் காரிலிருந்தே என்னென்ன பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம்

குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் இருக்கும் வேளாவதர் தேசியப் பூங்கா வெறும் 34 சதுர கிலோமீட்டர்தான். கிர் சிங்கங்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள், பெரிய இழப்பு. டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை பூங்கா மூடியிருக்கும். புல்வெளிப் பறவையான வரகுக்கோழி புல்லுக்கு மேலே துள்ளித் துள்ளித் துணை தேடுவது அந்த மழைக்காலத்தில்தான் என்பதால், குளிர்காலத்தில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில், ஓட்டுவதைக் குறையுங்கள். வெட்டவெளிதானே, எல்லாம் தெரிந்துவிடும் என்று ஓட்டிக்கொண்டே போனால் வெளிமானும் நீல்காயும் தவிர ஒன்றும் கண்ணில் படாது, ஏனென்றால் ஒளிந்துகொள்ள மரமில்லாத இடத்தில் மற்றதெல்லாம் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். அரை கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்துங்கள். இன்ஜின் ஓடினால் பைனாகுலர் நடுங்கும், அதனால் அணைத்துவிட்டு ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நிதானமாகப் பாருங்கள், அப்புறம் அதே இடத்தை இன்னொரு முறை. எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். கீழே இறங்காதீர்கள், வண்டி விலங்குகளுக்குப் பழக்கம், நிற்கிற மனிதரைக் கண்டால்தான் மிரளும். வெயில் ஏறிவிட்டால் கானல் அலையடிக்கும், தொலைவில் எதுவும் தெளியாது. எனவே விடிந்ததும் உள்ளே இருக்க வேண்டும்.

ஓநாயைத் தேடாதீர்கள், வெளிமான்களைக் கவனியுங்கள். மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் சட்டென்று நிறுத்திவிட்டு, எல்லாம் ஒரே பக்கம் கழுத்தை நிமிர்த்தி நின்றால், அந்தப் பார்வை போகும் திசையிலேயே பைனாகுலரைக் கொண்டுபோங்கள். முதலில் புல்லுக்கு மேல் இரண்டு காது நுனிதான் தெரியும்.

பாதையின் ஓரத்தையும் மறந்துவிட வேண்டாம், வானம்பாடிகளும் நெட்டைக்காலிகளும் அங்கேதான் இரை பொறுக்கும்.

வேளாவதரின் உண்மையான சொத்து என்று நான் சொல்வது பூனைப்பருந்துகளைத்தான். மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் இவை பகலெல்லாம் சுற்றுப்புற வயல்களில் வெட்டுக்கிளி பிடித்துத் தின்றுவிட்டு, இருட்டுவதற்கு முன் நூற்றுக்கணக்கில் இங்கே வந்து தரையிலேயே அடைகின்றன. சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே, வெளிச்சம் முதுகுப்பக்கம் இருக்குமாறு வண்டியை நிறுத்திவிடுங்கள். சிறகை லேசாக மேல்நோக்கி உயர்த்தியபடி புல்லை உரசுவதுபோல் மிதந்து வந்தால் அது பூனைப்பருந்து. ஆண் கிட்டத்தட்ட வெள்ளையாக, சிறகு நுனியில் மட்டும் ஒல்லியான கறுப்போடு இருந்தால் வெளிர் பூனைப்பருந்து. சாம்பல் நிறச் சிறகின் குறுக்கே கறுப்புக் கோடு ஓடினால் மாண்டேகு பூனைப்பருந்து. பெண்கள் இரண்டு வகையிலும் பழுப்பு நிறம், வாலடியில் வெள்ளைப் பட்டை. அவற்றைப் பிரித்தறியப் புதியவர்கள் மெனக்கெட வேண்டாம்.

வெளியே வரும்போது மெதுவாக ஓட்டுங்கள், சூடு ஆறாத மண்பாதையில் பக்கிகள் என்ற இரவுப் பறவைகள் உட்கார்ந்திருக்கும். ஹெட்லைட்டில் கண் செந்தணலாக மின்னும், ஆனால் டயர் நெருங்கும்வரை எழுந்து பறக்காது.