குளிர் தாங்கும் சப்பாத்திக்கள்ளி: வளர்ப்பிலும் கலப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சப்பாத்திக்கள்ளி என்றதும் கொளுத்தும் வெயிலும் வறண்ட நிலமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் மாதக்கணக்கில் பனிக்கு அடியில் கிடந்துவிட்டு, வசந்தம் வந்ததும் நிமிர்ந்து பூக்கிற வகைகளும் இந்தக் குடும்பத்தில் உண்டு. சப்பாத்திக்கள்ளிகளின் அறிவியல் பெயர் ஒபுன்ஷியா. அதில் ஃபிராஜிலிஸ் என்ற இனம் கனடாவில் ஏறத்தாழ 56 டிகிரி வட அட்சரேகை வரை தானாகவே வளர்கிறது. குளிருக்குப் பழகிய நிலையில் மைனஸ் 40 டிகிரி செல்சியஸையும் தாங்கும். பாலியகாந்தா வட அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் வளர்வது. ஹியூமிஃபூசா அந்தக் கண்டத்தின் கிழக்குப் பகுதிக்கும், ஃபேயகாந்தாவும் பாசிலாரிஸும் தென்மேற்குக்கும் உரியவை. குளிர்நாட்டுத் தோட்டங்களில் அதிகம் புழங்குவது இவையும் இவற்றின் கலப்புகளும்தான். இவ்வளவு கெட்டியான செடி தோட்டத்தில் செத்துப்போனால் எல்லோரும் குளிரைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் கொன்றது ஈரம்.

சுருங்கிய மடலுக்குத் தண்ணீர் ஊற்றுவது

இலையுதிர் காலத்தில் பகல் குறைந்து இரவுகள் குளிர ஆரம்பித்ததும் இந்தக் கள்ளிகள் மடல்களில், அதாவது தட்டையான தண்டுகளில், உள்ள நீரைக் குறைத்துக்கொள்கின்றன. மடல் மெலிகிறது, தோல் சுருங்குகிறது, சில வகைகளில் ஊதா நிறம் ஏறுகிறது. கடைசியில் செடி முழுவதும் தரையில் படுத்துவிடும். பார்க்கப் பரிதாபமாக இருக்கும். செத்தேவிட்டது என்று தோன்றும். உண்மையில் செடி குளிருக்குத் தயாராவதே இப்படித்தான். நீர் குறையக் குறைய செல்களுக்குள் சர்க்கரை போன்ற கரைபொருள்கள் செறிவாகின்றன. உறைநிலை கீழே இறங்குகிறது. செல்லுக்கு வெளியே இருக்கும் கொழகொழப்பான பசையில் பனி உருவானால் செடி தாங்கிக்கொள்ளும். செல்லுக்குள்ளேயே பனி உருவானால்தான் சாவு.

இந்த நேரத்தில் "ஐயோ, வாடிவிட்டதே" என்று ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் மடல் மறுபடி உப்பும். ஊற்றியவருக்கு மகிழ்ச்சி. அடுத்த உறைபனியில் அந்த மடல் நீர் கோத்தாற்போல வெளிறி, பனி உருகியதும் கூழாகிவிடும். கோடை முடிவதற்குள்ளேயே நீரைக் குறைத்து, இலையுதிர் காலத்தில் அடியோடு நிறுத்திவிட வேண்டும். வசந்தத்திலும் அவசரம் வேண்டாம். மடல்கள் தாமாக நிமிரத் தொடங்கிய பிறகு நீர் கொடுத்தால் போதும். உரத்துக்கும் இதே கணக்குதான். கோடையின் பிற்பகுதியில் நைட்ரஜன் கொடுத்தால் மிருதுவான புது மடல்கள் தளதளவென்று வரும். அவை முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும்.

வெப்பநிலை எண்ணை மட்டும் நம்புவது

அமெரிக்க வேளாண் துறையின் தாவர மண்டல வரைபடத்தைப் பார்த்துச் செடி வாங்குவது பலரின் வழக்கம். அந்த வரைபடம் ஓர் இடத்தின் குளிர்கால அடிமட்ட வெப்பநிலையின் சராசரியைச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்தக் குளிரோடு மழையும் சேர்ந்து வருமா, பனி மூடி நிற்குமா, மண் எத்தனை நாள் சொதசொதவென்று இருக்கும் என்பதெல்லாம் அதில் கிடையாது. வறண்ட மலையடிவாரத்தில் மைனஸ் 25 டிகிரியில் சிரமமே இல்லாமல் இருக்கும் செடி, குளிர்காலம் முழுக்கத் தூறல் விழும் கடலோரத்தில் மைனஸ் 5-ஐக்கூடத் தாண்டாமல் அழுகிப்போகலாம். அப்படிப்பட்ட ஊர்களில் செடிக்கு மேலே ஒளி புகும் தகடு ஒன்றைச் சாய்வாக வைத்து, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிடுவது நல்லது. நான்கு பக்கமும் மூடிவிட்டால் உள்ளே ஈரம் தங்கி, எதற்காக மூடினோமோ அதுவே நடந்துவிடும்.

இன்னொன்று, இனத்தின் பெயர் மட்டும் போதாது. செடி எந்த இடத்து வம்சம் என்பதும் முக்கியம். கொலராடோவின் உயரமான பகுதியிலிருந்து வந்த ஃபேயகாந்தாவும் அரிசோனாவின் தாழ்வான பகுதியிலிருந்து வந்த ஃபேயகாந்தாவும் ஒரே பெயரில் விற்கப்படலாம். குளிர் தாங்குவதில் அவை ஒன்றல்ல. போதாததற்கு ஒபுன்ஷியா பெயரீடே ஒரு குழப்பம். ஒரே செடிக்குப் பழைய பட்டியலில் ஒரு பெயரும் புதிய பட்டியலில் வேறு பெயரும் இருக்கும். வாங்கும்போது மூலச்செடி எந்த ஊரில், எந்த உயரத்தில் இருந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.

மண்ணும் தொட்டியும்

களிமண்ணில் ஒரு குழி வெட்டி, அதில் மணலை நிரப்பி, "வடிகால் செய்தாயிற்று" என்று நிம்மதி அடைவது அடிக்கடி காணும் தவறு. சுற்றியுள்ள களிமண்ணிலிருந்து வரும் நீரெல்லாம் அந்தக் குழியில்தான் வந்து நிற்கும். தரைக்கு மேலே 20, 30 சென்டிமீட்டர் மேடு எழுப்பி, பெருமணலும் சரளையும் அதிகமாக, மட்கு மிகக் குறைவாகக் கலந்து நடுவதுதான் சரி. செடியின் கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் உயரத்துக்குச் சரளை பரப்பினால், தரையில் படுத்த மடல்களும் ஈர மண்ணைத் தொடாது. கள்ளிக்கென்று விற்கும் மண்கலவைகள் பலவற்றில் பீட் எனும் சதுப்புநில மட்கோ தேங்காய் நார்த்தூளோ நிறைய இருக்கும்; குளிர்காலத்தில் அவை ஈரத்தை விடவே விடாது.

தொட்டியில் வளர்ப்பவர்கள் இன்னொரு தவறு செய்கிறார்கள்: குளிர் வந்ததும் செடியைச் சூடான அறைக்குள் கொண்டுவருவது. அங்கே வெளிச்சம் போதாமல் மடல்கள் ஒல்லியாக, வெளிறி, நீளமாக வளரும். குளிர்கால ஓய்வு கிடைக்காததால் அடுத்த பருவத்தில் பூவும் வராது. மழை படாத, சூடில்லாத, வெளிச்சமான ஓர் இடம் போதும்.

வெட்டிய மடலை உடனே நடுவது

மடலை, அது கீழ் மடலோடு சேரும் இடத்தில் வெட்டி, நிழலில் ஒன்றிரண்டு வாரம் காயவைத்து, வெட்டுவாய் தோல் கட்டிய பிறகு நட வேண்டும். வசந்தத்தின் பிற்பகுதியும் கோடையின் தொடக்கமும் இதற்கு ஏற்ற காலம். வேர் பிடிக்கும்வரை நீர் வேண்டாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புதைக்கவும் வேண்டாம்.

முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய முள் கண்ணுக்குத் தெரியும், விலகிக்கொள்வோம். ஆளைப் படுத்துவது மடலின் மேல் புள்ளி புள்ளியாகத் தெரியும் கணுக்களில் கொத்தாக இருக்கும் சுணைமுள். அதன் நுனியில் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு. பெரிய முள்ளே இல்லாத பாசிலாரிஸைக் கையால் தடவிப் பார்த்தவர்கள் இரண்டு நாள் இடுக்கியும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். தோல் கையுறையும் காப்பாற்றாது; சுணை அதில் தங்கி, அடுத்த முறை உள்ளே கை விடும்போது குத்தும். நீளமான இடுக்கியோ மடித்த செய்தித்தாளோ அதைவிட மேல்.

கலப்பில் நடக்கும் தவறுகள்

சரி, செடி பிழைத்துப் பூக்கவும் ஆரம்பித்துவிட்டது. மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு என்று பூக்களைப் பார்த்ததும் அடுத்த ஆசை கலப்பு செய்வதுதான். ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொன்றில் தேய்த்தால் ஆயிற்று என்ற நினைப்பில்தான் முதல் தவறே தொடங்குகிறது.

பல வகைகளில் மகரந்தப்பைகள் பூ விரியும்போதே, சில சமயம் அதற்கும் முன்பே வெடித்துவிடும். தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கும் வகைகளும் நிறைய. எனவே நன்றாக விரிந்த பூவில் செய்யும் கலப்பை நம்ப முடியாது. மறுநாள் விரியப்போகும் மொட்டை முந்தைய மாலையோ அதிகாலையிலோ பிரித்து, இதழ்களை நறுக்கி, மகரந்தத் தாள்களை ஒன்றுவிடாமல் எடுத்துவிட வேண்டும். நூற்றுக்கணக்கில் இருக்கும், பொறுமை வேண்டும். அப்புறம் மெல்லிய வலைத்துணியால் மூடிவிடுங்கள், தேனீக்களுக்கு உங்கள் திட்டம் தெரியாது. நண்பகல் வாக்கில், பூவின் நடுவே மகரந்தம் ஏற்கும் சூல்முடியின் பிரிவுகள் விரிந்து பிசுபிசுப்பாகும்போது மகரந்தம் வைக்க வேண்டும். பூ பெரும்பாலும் ஒரே நாள்தான் இருக்கும். தந்தைச் செடி முன்பே பூத்து முடிந்துவிடும் என்றால், அதன் மகரந்தத்தை உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். போகிறபோக்கில் ஒரு வேடிக்கை: விரிந்த பூவின் மகரந்தத் தாள்களை விரலால் தொட்டுப் பாருங்கள், அவை உள்நோக்கி மடங்கும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் ஏமாற ஒரு வழி இருக்கிறது. ஒபுன்ஷியாவில் பல இனங்கள் கருவுறாமலேயே, தாயின் திசுவிலிருந்து நேரடியாக விதைக்கரு உண்டாக்கும். ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று நாற்று முளைப்பதும் இதனால்தான். அவற்றில் சில தாயின் அச்சு அசல் நகல்களாக இருக்கும். முளைத்ததையெல்லாம் கலப்பினம் என்று பெயரிட்டு நண்பர்களுக்குக் கொடுப்பது இந்தப் பொழுதுபோக்கில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. தப்பிக்க இரண்டு வழி சொல்வேன். ஒன்று, தாயிடம் இல்லாத, சுலபமாகக் கண்ணில் படும் பண்புள்ள தந்தையைத் தேர்ந்தெடுப்பது; அந்தப் பண்பின் சாயல் நாற்றில் தெரிந்தால் கலப்பு நடந்திருக்கிறது. இரண்டு, ஒவ்வொரு முறையும் ஒரு பூவில் மகரந்தத் தாள்களை நீக்கிவிட்டு, மகரந்தமே வைக்காமல் மூடி வைப்பது. அதில் விதை பிடித்தால் அந்தத் தாயின் மற்ற விதைகளையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

குரோமோசோம் கணக்கையும் பலர் பார்ப்பதில்லை. ஒபுன்ஷியாவின் அடிப்படை எண் 11. பாசிலாரிஸ் பெரும்பாலும் 22, பாலியகாந்தா பெரும்பாலும் 44, ஃபேயகாந்தாவும் ஃபிராஜிலிஸும் 66. பெற்றோர் ஒவ்வொன்றிடமிருந்தும் பாதிதான் வரும் என்பதால், நாற்பத்து நான்கையும் அறுபத்தாறையும் சேர்த்தால் பிள்ளைக்குக் கிடைப்பது 55, அதாவது ஐந்து தொகுதி. அவை ஒழுங்காக ஜோடி சேர முடியாததால் அந்தச் செடி பெரும்பாலும் மலடாகவே இருக்கும். இருபத்திரண்டும் அறுபத்தாறும் சேர்ந்தால் 44 வருகிறது, இரட்டைப்படை. அடுத்த தலைமுறைக்கு ஓரளவு நம்பிக்கை உண்டு. மலடு என்றாலே தூக்கிப் போட வேண்டியதில்லை. அழகான பூ வந்தால் மடலை வெட்டி எத்தனை செடி வேண்டுமானாலும் ஆக்கலாம். அதையே பெற்றோராக வைத்து அடுத்த கலப்பைத் திட்டமிடுவதுதான் வீண் வேலை.

காய் பருத்ததும் விதை பிடித்துவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். கள்ளிக்காயின் வெளிப்பகுதி தண்டுத் திசுவால் ஆனது. உள்ளே ஒரு விதைகூட இல்லாமலும் பச்சையாகச் செடியில் நிற்கும். அப்படிப்பட்ட காயை மண்ணில் வைத்தால் வேர்விட்டு மடல் விடுவதும் உண்டு!

கிடைத்த விதையின் ஓடு கல் மாதிரி. ஓரத்தை லேசாகத் தேய்த்தோ, ஈர மணலில் குளிர்காலம் முழுக்க வெளியே வைத்தோதான் முளைக்க வைக்க முடியும். அப்போதும் சில விதைகள் முதல் வசந்தத்திலும் மற்றவை அதற்கடுத்த வசந்தத்திலும் முளைக்கும். ஒரே பருவம் பார்த்துவிட்டுத் தட்டைக் கொட்டிவிடுவது, பாதி உழைப்பைக் குப்பையில் போடுவது. நாற்று முதலில் இரண்டு விதையிலையும் உருண்டையான தண்டுமாக வரும். தட்டையாக இல்லையே என்று களையாக எண்ணிப் பிடுங்கிவிட வேண்டாம்.

பூவை மட்டும் பார்த்துத் தேர்வது

கலிஃபோர்னியாவின் சான்டா ரோசாவில் லூதர் பர்பாங்க் என்ற தாவரக் கலப்பாளர் முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளியை உருவாக்கி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலைவனங்களுக்கான கால்நடைத் தீவனம் என்று பெரிய விளம்பரத்தோடு விற்றார். அவற்றில் பெரும்பாலானவை ஃபிகஸ்-இண்டிகா என்ற ஒபுன்ஷியா இனத்தின் வழி வந்தவை, கடும் உறைபனி தாங்காதவை. முள் இல்லாததால் வேலி போடாமல் காக்க முடியவில்லை. நல்ல விளைச்சலுக்குத் தண்ணீரும் வேண்டியிருந்தது. ஒரு பண்பை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

குளிர் தாங்கும் கலப்பிலும் இதே நடக்கிறது. நாற்று பூக்க மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாறு ஆண்டுவரை ஆகும். அதுவரை கண்ணாடிக் கூடத்தில் செல்லமாக வளர்த்து, முதல் பூவைப் பார்த்ததும் பெயர் வைத்துவிடுகிறார்கள். பெற்றோரில் ஒன்று மைனஸ் 30 தாங்கும் என்பதால் பிள்ளையும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. முதல் குளிர்காலத்தில் மட்டும் நாற்றுகளை உறைபனியிலிருந்து காப்பாற்றுங்கள். அடுத்த ஆண்டு மேட்டுப் பாத்தியில் நட்டு, குளிரும் மழையும் படட்டும். சாகிறவை சாகட்டும். மிஞ்சியவற்றில் பூவைப் பாருங்கள். சீக்கிரம் பூக்க வேண்டுமென்று வேறு கள்ளியில் ஒட்டுக்கட்டிய செடியை வைத்துக் குளிர் சோதனை செய்வதும் சரியாகாது. செத்தது நாற்றா, அடிச்செடியா என்று தெரியாது.

பெயர்ச்சீட்டில் தாயின் பெயரை முதலில், தந்தையின் பெயரை இரண்டாவதாக, ஆண்டோடு எழுதுங்கள். மை வெயிலில் மங்கிவிடும். அலுமினியத் தகட்டில் பென்சிலால் அழுத்தி எழுதினால் நிற்கும். மிஞ்சிய மடல்களை வேலிக்கு வெளியே வீசாதீர்கள். ஆஸ்திரேலியாவில் சப்பாத்திக்கள்ளி கோடிக்கணக்கான ஏக்கரை விழுங்கியதும், அதை அடக்க 1926-இல் காக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியை விட வேண்டி வந்ததும் தெரிந்த கதைதான். அங்கே பெரும்பாலான ஒபுன்ஷியாக்கள் இன்றும் களைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மடலையோ விதையையோ நாடு விட்டு நாடு அனுப்பும் முன், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் கள்ளிகளுக்குப் பொருந்தும் விதிகளையும் அந்தந்த நாட்டின் தாவர நலச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.