பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படை அதிகாரிகளின் பழைய உருவப்படங்களைச் சேகரிக்கும் முறை

விக்டோரியா காலத்துப் பிரிட்டிஷ் படை அதிகாரி ஒருவரின் படம் கைக்கு வந்ததும் நம் கண் முகத்துக்குத்தான் முதலில் போகும். பிறகு மீசைக்கும் வாளுக்கும் பதக்கங்களுக்கும் தாவும். சேகரிக்கத் தொடங்குபவர் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். படம் எதன் மீது பதிந்திருக்கிறது என்பதை முதலிலும், அது ஒட்டப்பட்ட அட்டையையும் பின்புறத்தையும் அடுத்தும், சீருடையை அதன் பின்னும் பார்த்துவிட்டு, முகத்தையும் அதனடியில் யாரோ எழுதி வைத்த பெயரையும் கடைசியில் பார்ப்பதே பாதுகாப்பான வழி. பென்சிலால் எழுதப்பட்ட ஒரு பெயர் படத்தின் விலையைப் பல மடங்கு ஏற்றிவிடும் என்பதாலேயே, அந்தப் பெயரை மற்ற மூன்றும் ஒப்புக்கொள்கின்றனவா என்று பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

படத்தின் அடித்தளத்தை வைத்தே காலத்தை ஓரளவு குறுக்கிவிடலாம். 1839இல் பாரிசில் அறிவிக்கப்பட்ட டாகுரோடைப் என்பது வெள்ளி பூசிய செப்புத் தகடு. கண்ணாடிபோல் பளபளக்கும் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் உருவம் ஒரு கோணத்தில் நேர்ப்படமாகவும் மறு கோணத்தில் எதிர்ப்படமாகவும் தோன்றும். வேறு எந்த முறையிலும் இப்படித் தோன்றாது. 1850களின் நடுவில் பரவிய ஆம்ப்ரோடைப், கண்ணாடியின் மீது கொலோடியன் என்ற பசைபோன்ற கரைசலைப் பூசி எடுத்து, பின்னால் கறுப்புத் துணியோ கறுப்புப் பூச்சோ வைத்த படம். 1856இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற டின்டைப், பெயரில் தகரம் இருந்தாலும், உண்மையில் மெல்லிய இரும்புத் தகடு. பெட்டியில் அடைத்த படம் ஆம்ப்ரோடைப்பா டின்டைப்பா என்று ஐயம் வந்தால், பெட்டிக்கு வெளியிலிருந்தே சிறு காந்தத்தைக் காட்டினால் போதும். தகட்டைப் பெட்டியிலிருந்து கழற்றத் தேவையில்லை, கழற்றவும் கூடாது.

பெரும்பாலான சேகரிப்புகள் நிறைவது தாள் படங்களால், அதிலும் கார்ட் டி விசிட் எனப்படும் சிறு அட்டைப் படங்களால்தான். டிஸ்டேரி என்ற பிரெஞ்சுக்காரர் 1854இல் காப்புரிமை பெற்ற இந்த வடிவத்தில், முட்டை வெண்கரு பூசிய அல்புமன் தாளில் அச்சிட்ட படம் ஏறத்தாழ 64 மில்லிமீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் உயரமும் உள்ள அட்டையில் ஒட்டப்பட்டிருக்கும். 1860களில் இது ஒரு மோகமாகவே பரவியது. அதிகாரிகள் தங்கள் ரெஜிமென்டின் நண்பர்களோடு இவற்றை மாற்றிக்கொண்டு ஆல்பங்களில் சேர்த்து வைத்தார்கள். இன்று நம் கைக்கு வருபவற்றில் பல அந்த ஆல்பங்களிலிருந்து உருவப்பட்டவையே. 1860களின் அட்டைகள் மெல்லியவை, முனைகள் சதுரமானவை, பின்புறத்தில் ஸ்டூடியோவின் பெயர் அடக்கமாக இருக்கும். 1870களில் முனைகள் வளைந்து அட்டை தடித்தது. 1880களில் பின்புறம் முழுவதும் பூவேலைப்பாடும் பதக்கப் படங்களும் நிறைந்து, ஓரங்கள் பொன்முலாம் பூசிச் சரிவாக வெட்டப்பட்டன. 1866 முதல் வந்த கேபினெட் கார்டு இதைவிடப் பெரியது. சுமார் 108க்கு 165 மில்லிமீட்டர். அட்டையை யாராவது ஆல்பத்தில் நுழைப்பதற்காக வெட்டியிருந்தால், முனைகள் தரும் சான்று போய்விடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் அதிகாரிகளைச் சேகரிப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரை அங்கே விற்கப்பட்ட படங்களுக்கு வரி விதிக்கப்பட்டதால், அட்டையின் பின்னால் ஒட்டிய வரி முத்திரை அந்தப் படம் விற்கப்பட்ட காலத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அடக்கிவிடுகிறது. ஸ்டூடியோக்காரர் முத்திரையின் குறுக்கே முதலெழுத்தும் தேதியும் எழுதியிருந்தால் நாளே கிடைத்துவிடும். ஆனால் பழைய முத்திரையை வேறு அட்டையில் ஒட்டுவது கடினமான வேலையல்ல. முத்திரையின் மீது எழுதிய மை அட்டையின் மேலும் தொடர்ந்து ஓடுகிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

சீருடைக்குப் போகும் முன் இரண்டு கண்மயக்குகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். டாகுரோடைப்பும் டின்டைப்பும், பல ஆம்ப்ரோடைப்புகளும், இடம் வலம் மாறிய படங்கள். வாள் வலப்புறம் தொங்கும். பதக்கங்கள் வலது மார்பில் இருக்கும். பெல்ட் பூட்டில் உள்ள ரெஜிமென்ட் எண் திரும்பித் தெரியும். இதைப் பிழை என்று எண்ணிப் படத்தை ஒதுக்கியவர்களும் உண்டு, அபூர்வம் என்று நம்பி அதிகம் கொடுத்தவர்களும் உண்டு. கணினியில் திருப்பிப் பார்த்த பிறகே சீருடையைப் படிக்கத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது மயக்கம் நிறத்தைப் பற்றியது; இதுதான் மிகுந்த குழப்பத்தைத் தருகிறது. அக்காலத்துக் கொலோடியன் தகடு நீலம், ஊதா ஒளிகளுக்கு மட்டுமே நன்கு வசப்படும். சிவப்பையும் மஞ்சளையும் அது ஏறக்குறைய இருளாகவே பதியும். ஆகவே புகழ்பெற்ற பிரிட்டிஷ் சிவப்புக் கோட்டு படத்தில் கருமையாகத் தோன்றும். பீரங்கிப் படையின் கருநீலக் கோட்டையும் அதையும் நிறத்தால் மட்டும் பிரித்தறிவது கடினம். வெளிர்நீலம் வெள்ளையாகிவிடும், நீலக் கண்கள் பேய்க் கண்கள்போல் வெளிறித் தெரியும். வெளிர்நீலத்தில் மஞ்சள் ஓரம் கொண்ட கிரிமியப் பதக்கத்தின் நாடா, படத்தில் வெண்மையான பட்டையாகவும் இருண்ட ஓரங்களுடனும் வரும். 1858இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியக் கலகப் பதக்கத்தின் வெள்ளை நாடாவிலுள்ள இரு செங்கோடுகள் கருங்கோடுகளாகத் தெரியும். கையால் வண்ணம் தீட்டிய படமானால் அதை நம்பலாமே என்று தோன்றும். ஆனால் தீட்டியவர் சீருடையை நேரில் கண்டிருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இனிச் சீருடை. காலாட்படை அதிகாரியின் தோளில் சரிகைக் குஞ்சம் தொங்கும் எப்போலெட் இருந்தால் அந்த உடை 1855க்கு முந்தையது. அவ்வாண்டில்தான் பிரிட்டிஷ் படை வாலுள்ள பழைய கோட்டைக் கைவிட்டு டியூனிக் எனப்படும் நீள்சட்டைக்கு மாறி, எப்போலெட்டையும் நீக்கியது. அதன் பின் பதவிச் சின்னங்கள் காலருக்கு ஏறின. 1880இல் அங்கிருந்து தோளுக்கு மாறின. இந்த ஒரு மாற்றத்தை மட்டும் மனத்தில் நிறுத்திக்கொண்டாலே பாதிப் பொய்ப் பெயர்கள் உதிர்ந்துவிடும். அதே சின்னம் இரு காலங்களில் இரு பதவிகளைக் குறிக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1880க்கு முன் மேல்விளிம்பில் மட்டும் சரிகை உள்ள காலரில் ஒரு கிரீடம் இருந்தால் அவர் லெப்டினன்ட். அதே கிரீடம் சுற்றிலும் சரிகை வைத்த காலரில் இருந்தால் லெப்டினன்ட் கர்னல். 1880க்குப் பின் தோளில் கிரீடம் மட்டும் இருந்தால் மேஜர். கேப்டனுக்கு 1880 முதல் இரண்டு நட்சத்திரங்களே. மூன்று நட்சத்திரங்கள் 1902இல்தான் வந்தன. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படம் என்று விற்கப்படும் ஒன்றில் தோளில் மூன்று நட்சத்திரங்களுடன் கேப்டன் நின்றால், நூற்றாண்டு மாறிவிட்டது என்று பொருள்.

தொப்பியும் உதவும். ஷாக்கோ எனப்படும் உருளை வடிவத் தொப்பி 1855, 1861, 1869 என மூன்று முறை வடிவம் மாறி, 1878 முதல் கூர்முனை வைத்த ஹெல்மெட்டுக்கு இடம் விட்டது. தொப்பி பெரும்பாலும் பக்கத்து மேசையில் கிடக்கும்; அதன் முகப்புத் தகட்டில் உள்ள எண்ணைப் பூதக்கண்ணாடியில் படிக்க முடிந்தால் ரெஜிமென்ட் தெரிந்துவிடும். 1881 சீர்திருத்தத்தில் அந்த எண்கள் போய், மாவட்டப் பெயர்கள் வந்தன. தோளிலிருந்து உடலின் குறுக்கே போடும் துணிப்பட்டையான கச்சையையும் விடாதீர்கள்: அதிகாரிகள் அதை இடது தோளின் மீதும், அதிகாரி நிலைக்குக் கீழ்ப்பட்ட சார்ஜென்ட்கள் வலது தோளின் மீதும் அணிந்தார்கள். விற்பவர் அதிகாரி என்று சொல்லும் எத்தனையோ பேர் கச்சையைக் கொண்டே சார்ஜென்ட் ஆகிவிடுவார்கள், இடம் வலம் மாறிய படமாக இல்லாதவரை.

இன்னொரு பெரிய பொறி தன்னார்வப் படையினர். 1859இல் பிரெஞ்சுப் படையெடுப்பு அச்சத்தில் தோன்றிய அந்தப் படைகளில் சேர்ந்த வழக்கறிஞர்களும் வணிகர்களும் புதுச் சீருடையோடு நேரே ஸ்டூடியோவுக்குப் போனார்கள். சாம்பல் அல்லது பச்சைக் கோட்டும் வெள்ளிச் சரிகையும் அவர்களின் அடையாளம். ஒற்றை நிறப் படத்தில் இவை கண்ணுக்குத் தெரியாது. அவர்களின் படங்கள் குறைந்தவை அல்ல, எனக்கு அவை மிகவும் பிடிக்கும். ஆனால் போர்முனை கண்ட அதிகாரியின் விலையை அவற்றுக்குக் கொடுக்கக் கூடாது. இதற்கு நேர்மாறாக, பணியில் இல்லாத நேரத்தில் சாதாரணக் கோட்டணிந்து படம் எடுத்துக்கொண்ட உண்மையான அதிகாரிகள் பலர். சீருடை இல்லாததால் விலை மலிந்து கிடக்கும் இந்தப் படங்களில், பின்புறத்தில் அக்காலத்து மையால் பெயரும் ரெஜிமென்டும் எழுதியிருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

பதக்கம் ஒரு படத்தின் காலத்துக்கு முன்னெல்லையை மட்டுமே தரும். எகிப்துப் பதக்கமும் அதன் அருகே ஐந்துமுனை வெண்கல நட்சத்திரமான கெடீவ் நட்சத்திரமும் தெரிந்தால், படம் 1882 போருக்குப் பிந்தையது என்பது உறுதி. எவ்வளவு பிந்தையது என்பதைச் சீருடையும் அட்டையும்தான் சொல்ல வேண்டும்.

பெயரைச் சரிபார்க்க அக்காலப் படைப் பட்டியல்களே முதல் கருவி. 1839 முதல் ஹார்ட் என்ற அதிகாரி வெளியிட்டு வந்த படைப் பட்டியலில், அதிகாரிகளின் பதவி நாள்களோடு போர்ப்பணிக் குறிப்புகளும் உண்டு. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பழைய பட்டியல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நியமனங்களை அரசிதழான லண்டன் கெஜட்டில் தேடலாம். பதக்கப் பதிவேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1871 வரை பதவிகள் விலைக்கு வாங்கப்பட்டன, அதிகாரிகள் ரெஜிமென்ட் விட்டு ரெஜிமென்ட் மாறிக்கொண்டே இருந்தார்கள். எனவே ஓராண்டுப் பட்டியலை மட்டும் பார்த்துப் பெயர் இல்லை என்று முடிவு கட்டாமல், முன்பின் ஆண்டுகளையும் புரட்ட வேண்டும். சில ஸ்டூடியோக்களின் ஏடுகளும் தப்பியுள்ளன: 1859 முதல் 1868 வரை லண்டனில் இயங்கிய கமில் சில்வியின் பதிவேடுகள் அங்குள்ள தேசிய உருவப்படக் கூடத்தில் இருப்பதால், அவர் எடுத்த படங்களில் பெயரற்றவற்றுக்கும் பெயர் கிடைக்க வாய்ப்புண்டு.

நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. தொடக்கத்தில், 1862 என்ற தேதியும் கிரிமியப் போரில் பங்கேற்ற ஒருவரின் பெயரும் எழுதிய கேபினெட் கார்டு ஒன்றை மகிழ்ச்சியோடு வாங்கினேன். பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது, ரெஜிமென்டும் பொருந்தியது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது பதவிச் சின்னம் தோளில் இருந்தது. அதற்கும் மேலாக, கேபினெட் கார்டு என்பதே 1862இல் இல்லை. பட்டியலில் உள்ள பெயர்களைப் பார்த்து எழுதுவது எவருக்கும் எளிது என்பது அப்போதுதான் உறைத்தது.

போலிகளைக் கண்டுபிடிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியும் சிறு புற ஊதா விளக்கும் வேண்டும். உண்மையான அல்புமன் படத்தில் தாளின் இழைகள் தெரியும், வெளிர்ப் பகுதிகள் மஞ்சளித்திருக்கும், நுண்ணிய வெடிப்புகளும் இருக்கலாம். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு இயந்திரத்தின் வேலை. புற ஊதா ஒளியில் அட்டை நீலமாக ஒளிர்ந்தால், 1950களுக்குப் பிறகு தாளில் கலக்கப்பட்ட வெண்மையூட்டிகள் அதில் உள்ளன என்று பொருள். புகழ்பெற்ற தளபதிகளின் கார்டுகள் போலியாக இல்லாமலேயே ஏமாற்றலாம்: அவை அக்காலத்திலேயே கடைகளில் ஏராளமாக விற்கப்பட்டவை. 1857இல் இறந்த பிரிட்டிஷ் தளபதி ஹேவ்லாக்கைப் போன்றோரின் 1860களின் கார்டு, ஓவியத்தையோ முந்தைய படத்தையோ பார்த்து எடுத்த நகலாகத்தான் இருக்க முடியும்.

வாங்கியதை எதுவும் செய்யாமல் விட்டுவைப்பதே பாதிப் பராமரிப்பு. டாகுரோடைப்பின் பரப்பை மென்மையான தூரிகையால் தொட்டாலும் கீறல் விழும். ஆம்ப்ரோடைப்பின் கொலோடியன் படலத்தைக் கழுவினால் உரிந்துவிடும். கார்டுகளை பிவிசி உறைகளில் வைக்காமல் பாலியெஸ்டர் உறைகளில் இட்டு, ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும் இருண்ட இடத்தில் வையுங்கள். சட்டமிட்டுச் சுவரில் மாட்ட விரும்பினால் நகலை மாட்டுங்கள். பின்புறத்தில் நீங்கள் எதையும் எழுதாதீர்கள். உங்கள் முடிவுகளையும் அவற்றின் காரணங்களையும் தனித்தாளில் எழுதி வையுங்கள்.

முழு ஆல்பம் கிடைத்தால், விலை உயர்ந்த நான்கு கார்டுகளை மட்டும் உருவிக்கொண்டு மீதியை விற்றுவிடும் ஆசை வரும். அதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் வரிசை மாறாமல் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ரெஜிமென்டின் அதிகாரிகள் பெரும்பாலும் அடுத்தடுத்த பக்கங்களில் இருப்பார்கள். பெயருள்ள இருவருக்கு நடுவே பெயரில்லாமல் நிற்பவர் யார் என்று தேட, அந்த ஆண்டுப் பட்டியலில் ஒரே பக்கத்தைப் பார்த்தால் போதும்.