எதற்கும் ஈடுகொடுக்கும் உடல்: குறையிலிருந்து தொடங்கும் பயிற்சி முறை

ஓட்டம், பளு தூக்குதல், தாவுதல், விளையாட்டு என எதைக் கொடுத்தாலும் ஈடுகொடுக்கும் உடல் வேண்டும் என்று பயிற்சிக்கு வருபவர்களில் பெரும்பாலோர், ஏதேனும் ஒன்றில் ஏற்கெனவே தேர்ந்தவர்களாகவே இருக்கிறார்கள். பெசன்ட் நகர் கடற்கரையோரம் பத்து கிலோமீட்டரை நிற்காமல் ஓடி முடிப்பவரால், கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் புல்-அப் ஒன்றுகூட எடுக்க முடிவதில்லை. ஜிம்மில் நூறு கிலோவைத் தரையிலிருந்து தூக்குபவர், லிஃப்ட் பழுதான நாளில் நான்காம் மாடிக்கு ஏறுவதற்குள் இரண்டு இடங்களில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இருவரும் தங்களுக்கு நன்றாக வருவதையே மேலும் மேலும் செய்துகொண்டிருப்பதுதான் காரணம். ஆகவே நான் வகுத்துக் கொடுக்கும் திட்டம் எப்போதும் குறையிலிருந்தே தொடங்கும்: எந்தத் திறன் பின்தங்கியிருக்கிறதோ அதற்கு மூன்று மாதங்களுக்குப் பெரும்பங்கு நேரம், மற்றவற்றுக்கு அவை குறையாமல் இருப்பதற்குப் போதுமான அளவு மட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு ஏற்ற முயன்றால் என்ன ஆகும் என்பதை உடலியல் ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் 1980-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பத்து வாரங்கள் வலிமைப் பயிற்சியையும் கடுமையான தாங்குதிறன் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு, முதல் ஏழு வாரங்கள்வரை ஏறிய கால் வலிமை அங்கேயே நின்று, கடைசி வாரங்களில் இறங்கத் தொடங்கியது. அவர்கள் செய்த அளவு சாதாரண மனிதர் செய்யும் அளவைவிட மிக அதிகம் என்பதால், ஓடினால் தசை கரைந்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஒரு திறனை வளர்ப்பதற்கு நிறையப் பயிற்சி வேண்டும், காப்பாற்றுவதற்குக் கொஞ்சம் போதும் என்பதே நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய செய்தி. வளர்த்த வலிமையை வாரம் ஒரே ஒரு பயிற்சியில் பல வாரங்களுக்குத் தக்கவைக்கலாம். செட்டுகளை, அதாவது இடையில் ஓய்வு விட்டுச் செய்யும் தொகுப்புகளை, குறைக்கலாம், தூக்கும் எடையை மட்டும் குறைக்கக் கூடாது.

குறையைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நெஞ்சு வலி, மயக்கம், இரத்த அழுத்தம், சர்க்கரை, பழைய மூட்டுக் காயம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகு தொடங்குங்கள். மற்றவர்கள் 400 மீட்டர் தடத்தில் 12 நிமிடம் ஓடி, கடந்த தூரத்தைக் குறித்துக்கொள்ளலாம். மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் அமெரிக்க விமானப்படையினருக்காக வகுத்த இந்தச் சோதனை இன்றும் நன்றாகவே பயன்படுகிறது. ஆறு சுற்று, அதாவது 2,400 மீட்டர் வந்தால் பொழுதுபோக்காக விளையாடுபவருக்கு நல்ல அடித்தளம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். வேறொரு நாளில் கம்பியில் எத்தனை விநாடி தொங்க முடிகிறது, முறையாக எத்தனை தண்டால் வருகிறது, நின்ற இடத்திலிருந்து உங்கள் உயரத்தின் அளவுக்காவது முன்னோக்கித் தாவ முடிகிறதா என்று பாருங்கள். கடைசியாக, குதிகால் தரையை விட்டு எழாமல் குத்துக்காலிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். நம் பாட்டிமார் அரிவாள்மனை முன் அரைமணி நேரம் அநாயாசமாக அமர்ந்த அந்த நிலை, மேல்நாட்டுக் கழிப்பறைக்கும் சுழல் நாற்காலிக்கும் பழகிய தலைமுறைக்குத்தான் சோதனையாகிவிட்டது.

அடுத்தது வரிசை. ஒரே நாளில் பலவற்றைச் செய்வதானால் வேகமும் தாவலும் முதலில், வலிமை அடுத்து, மூச்சு வாங்கும் பயிற்சி கடைசியில் என்பதை நான் மாற்றுவதே இல்லை. முழு வேகத்துக்கான எரிபொருள் தசையில் ஏறத்தாழ பத்து விநாடிகளுக்குத்தான் இருக்கும். அது மீண்டும் நிரம்பச் சில நிமிடங்கள் ஆகும். களைத்த பிறகு தாவினால் வேகம் வளராது, தரையிறங்கும்போது முழங்கால் உள்நோக்கிச் சாய்வதுதான் மிஞ்சும். ஆகவே வார்ம்-அப் முடிந்ததும் மூன்று முதல் ஐந்து தாவல்கள், ஒன்றரை நிமிடத்துக்குக் குறையாத ஓய்வு, பிறகு மீண்டும் அதே எண்ணிக்கை என மூன்று செட் போதும். தரையிறங்கும் ஓசை கீழ்வீட்டாருக்குக் கேட்காத அளவுக்கு மென்மையாக இருக்க வேண்டும்.

வலிமைப் பயிற்சிக்கு ஐந்து அசைவுகள் போதுமானவை: உட்கார்ந்து எழுவது, இடுப்பை மடக்கித் தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது. இவற்றுள் பலருக்கும் வராதது இடுப்பு மடக்கு. குனியச் சொன்னால் முதுகைத்தான் வளைக்கிறார்கள். வீட்டில் உள்ள ஒட்டடைக் குச்சியை எடுத்து முதுகின் மேல் நெடுக்காக வைத்து, ஒரு கையைக் கழுத்துக்குப் பின்னும் மற்றொரு கையை இடுப்புக்குப் பின்னும் கொண்டுபோய்ப் பிடித்துக்கொள்ளுங்கள். குச்சி பின்னந்தலை, தோள்பட்டை எலும்புகளின் நடுப்பகுதி, வால் எலும்புக்குச் சற்று மேலான இடம் ஆகிய மூன்றையும் தொட வேண்டும். சுவருக்கு முதுகு காட்டி ஒரு சாண் தள்ளி நின்று, முழங்காலைச் சிறிதே தளர்த்தி, பிட்டம் சுவரைத் தொடும்வரை இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். தொடையின் பின்புறம் இழுபடுவதை உணர வேண்டும். மூன்றில் ஓரிடம் குச்சியை விட்டு விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். அங்கேயே நிறுத்தி எழுந்து மீண்டும் தொடங்குங்கள். சுவரைத் தொடுவது எளிதானதும் இன்னும் நான்கு விரற்கடை தள்ளி நில்லுங்கள். இது பிழையின்றி வரும்வரை, எடையைத் தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட் பக்கம் யாரையும் நான் விடுவதில்லை. வந்துவிட்டால் எடை தானாக ஏறும்.

எடையை ஏற்றுவதற்கு எளிய கணக்கு இருக்கிறது. ஐந்து முறை தூக்கி, இன்னும் இரண்டு முறை தூக்கும் தெம்பு மிச்சமிருக்கும் எடையைத் தேர்ந்து மூன்று செட் செய்யுங்கள். அதே எடையில் மூன்று செட்டிலும் எட்டு முறை வரும் நாள்வரை எடையைத் தொடாதீர்கள். வந்த பிறகு இரண்டரை கிலோ கூட்டி மறுபடியும் ஐந்திலிருந்து தொடங்குங்கள். "மாஸ்டர், கடைசி ரெப்பில் கை நடுங்கினால்தானே பலன்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: இன்று நடுங்கும்வரை தூக்கினால் நாளைய ஓட்டம் கெடும், ஆணழகன் போட்டிக்குத் தயாராகிறவருக்கு அந்தக் கவலை இல்லை, நமக்கு உண்டு. சுமந்து நடப்பதற்கு ஜிம்கூடத் தேவையில்லை. கைப்பிடி உள்ள 20 லிட்டர் தண்ணீர் கேனை ஒரு கையில் பிடித்து, எதிர்ப்பக்கம் சாயாமல் முப்பது அடி நடந்து கை மாற்றித் திரும்பினால், இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள் எங்கே இருக்கின்றன என்பது மறுநாள் தெரியும்.

தாங்குதிறனில் பெரும்பாலோர் செய்யும் தவறு, எல்லா நாளும் ஒரே நடுத்தர வேகத்தில் ஓடுவது. வாரத்தின் பெரும்பகுதி ஓட்டம், பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்திலேயே இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் மட்டும் மூன்று நிமிட வேக ஓட்டமும் இரண்டு நிமிட நடையுமாக நான்கைந்து சுற்றுகள் இடைவெளி ஓட்டம் செய்யலாம். சென்னையில் பேச்சைக் கொண்டு வேகத்தை அளப்பதே சரி, கடிகாரத்தைக் கொண்டு அளப்பது அன்று. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வியர்வை வழிகிறதே தவிர எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விக்காது, அதனால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. வெயிலுக்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால் ஏப்ரலில் தூரத்தைக் குறைத்துத் தொடங்குங்கள். அக்கினி நட்சத்திர நாட்களில் விடியற்காலை ஆறரை மணிக்குள் முடித்துவிடுங்கள். ஓடும்போது தலை சுற்றினாலோ உடல் சிலிர்த்தாலோ உடனே நிழலுக்குச் சென்று தண்ணீர் ஊற்றி உடலைக் குளிர்விக்க வேண்டும். பேச்சு குழறினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலையில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும்போது அடுக்குமாடியின் படிக்கட்டு போதும்: நான்கு மாடி ஏறி, மெதுவாக இறங்கி, பத்து முறை.

மெரினா மணலில் ஓடுவதைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். உலர்ந்த மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது. எனவே தாங்குதிறனுக்கு அது நல்ல பயிற்சி. வேகத்துக்கு அது உதவாது, ஏனெனில் கால் உந்தும் விசையை மணல் விழுங்கிவிடுகிறது. முதல் நாளே வெறுங்காலுடன் அரைமணி நேரம் ஓடினால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் பிடித்துக்கொள்ளும், ஐந்து நிமிடத்தில் தொடங்குவதே நல்லது. அலை நனைத்த கெட்டி மணல் ஓட வாகாக இருந்தாலும் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரு கால் எப்போதும் தாழ்வில் இருப்பதால், போன தூரத்தை அதே வழியில் திரும்பி ஓடிச் சமன்செய்யுங்கள். வேக ஓட்டத்துக்குப் புல்தரையோ ஓடுதளமோ தேடிக்கொண்டு, 30 மீட்டரை முழு வேகத்துக்குச் சற்றுக் குறைவாக ஐந்து முறை ஓடி, ஒவ்வொன்றுக்கும் இடையே மூன்று நிமிடம் நடந்தால் போதும். தாவல் பயிற்சியில் நான்கைந்து வாரங்கள் கழிந்த பிறகே இதைச் சேர்ப்பேன். நெடுநாள் ஓடாதவர்கள் திடீரென்று பாய்ந்தால் தொடையின் பின்தசை கிழிவது வழக்கம்.

வேலைக்குப் போகிறவருக்கு வாரம் நான்கு நாட்கள் கிடைத்தால் போதும். திங்களும் வியாழனும் தாவலும் வலிமையும், செவ்வாய் மெதுவான நெடு ஓட்டம், சனி வேகமும் அதன் பின் இடைவெளி ஓட்டமும் என்று அமைக்கலாம். வலிமை பின்தங்கியவருக்குச் செவ்வாயின் பாதி நேரத்தை எடைக்கு மாற்றிவிடுவேன். மூச்சு பின்தங்கியவருக்கு வியாழனின் செட்டுகளைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டுவேன். ஞாயிறன்று ஷட்டிலோ கால்பந்தோ கபடியோ ஆடுங்கள். திடீரென்று திரும்புவது, எதிராளியின் அசைவுக்கு ஏற்பக் காலை மாற்றுவது ஆகியவற்றை, தரையில் கூம்புகளை அடுக்கி ஓடவிடுவதைவிட ஆட்டம் நன்றாகக் கற்றுத்தரும் என்பது என் துணிபு. நான்காம் வாரத்தில், உடல் தேறுவதற்காக, எடையை அப்படியே வைத்துச் செட்டுகளைப் பாதியாக்குங்கள்.

உணவில் மாற்ற வேண்டியது பெரும்பாலும் புரதம் ஒன்றுதான். பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.4 கிராமுக்குக் குறையாமல் தேவைப்படுகிறது. இட்லியும் நீர்த்த சாம்பாரும் அதைத் தராது. ஒரு முட்டையில் 6 கிராம், உலர்ந்த மீல்மேக்கர் 50 கிராமில் ஏறத்தாழ 25 கிராம் கிடைக்கும். மீனும் சுண்டலும் தயிரும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறைந்தால் அன்றைய வேக ஓட்டத்தைத் தள்ளிவைத்து நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வாரம் முடிந்ததும் அதே சோதனைகளை அதே வரிசையில் மீண்டும் செய்து, இப்போது எது பின்தங்கியிருக்கிறதோ அதற்கு அடுத்த மூன்று மாதங்களை ஒதுக்குங்கள். தொங்கலையும் தாவலையும் எந்தப் பருவத்திலும் ஒப்பிடலாம். ஓட்டத்தை அப்படி ஒப்பிட முடியாது: மார்கழிக் குளிரில் ஓடிய தூரத்தைப் பங்குனிப் புழுக்கத்தில் தொட்டாலே உங்கள் மூச்சு வளர்ந்திருக்கிறது, கூடுதலாக ஓட வேண்டிய அவசியம்கூட இல்லை.